நிற்கிற எஞ்சினில் விளக்கு எரிவது எப்படி? மாடல் ரயிலுக்கு டிசிசி

[நெருக்கக் காட்சி: ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள்]

வணக்கம்! பச்சை எஞ்சின் நிற்கிறது, ஆனால் முன்விளக்கு எரிகிறது. அதே தண்டவாளத்தில் சிவப்பு மட்டும் நகர்கிறது. பழைய டிசி கன்ட்ரோலரில் குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்துதான் கிளம்பும். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டும் நிற்கும், விளக்கும் அணைந்துவிடும்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை 1990களில் அமெரிக்க மாடல் ரயில்வே சங்கம் பொதுத் தரமாக்கியது. அதுதான் டிசிசி, அதாவது எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. வரலாறு இவ்வளவு போதும்.

[காட்சி: சதுர அலை]

எச்ஓ என்ற மாடல் ரயில் அளவில் தண்டவாளத்தில் எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும். அதன் துருவம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அலையின் ஒரு பாதி 58 மைக்ரோ நொடி என்றால் அது 1. சுமார் 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீண்டால் 0. எஞ்சினை ஓட்டுகிற மின்சாரமே கட்டளையையும் சுமந்து வருகிறது! அந்தக் கட்டளையைப் படிக்க எஞ்சினுக்குள் இருக்கிற சின்னச் சுற்றுப்பலகைதான் டிகோடர். எல்லா டிகோடருக்கும் எல்லாம் கேட்கும், தன் எண் வந்தால்தான் அசையும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான்.

டிகோடர் பொருத்துவது: எஞ்சினில் 8 பின் சாக்கெட் இருந்தால் முதல் பின்னைப் பார்த்துச் செருகுங்கள், முடிந்தது. சாக்கெட் இல்லையென்றால் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டாருக்குள் மின்சாரம் கொண்டுபோகிற பிரஷ் எஞ்சினின் உலோகச் சட்டத்தைத் தொடவே கூடாது. இரண்டிலும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்து, அது பீப் அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்படியே கரண்ட் கொடுத்தால் டிகோடர் கருகிவிடும்.

[காட்சி: தனித் தண்டவாளத் துண்டு, அதன் மேல் பச்சை எஞ்சின்]

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். புது டிகோடர் எல்லாமே எண் 3 என்ற முகவரியோடுதான் வரும். நான் முதல் நாள் இரண்டு எஞ்சினையும் அப்படியே வைத்தேன், இரண்டும் கைகோத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. அதனால் ஒன்றை மட்டும் இந்தப் புரோகிராமிங் தண்டவாளத்தில் வையுங்கள். டிகோடர் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற எண்ணிட்ட இடங்கள்தான் சிவி. அதில் சிவி 1 என்பதுதான் முகவரி. அதைப் படிக்கச் சொல்கிறேன், சக்கரத்தையே பாருங்கள்.

[மிக நெருக்கமாக. சக்கரம் மூன்று முறை துடிக்கிறது]

பார்த்தீர்களா? டிகோடருக்குத் திருப்பிப் பேச இங்கே வேறு வழி கிடையாது. கட்டளை அனுப்பும் பெட்டியான கட்டளை நிலையம் 'இதுவா?' என்று கேட்கும். 'ஆமாம்' என்று சொல்ல டிகோடர் மோட்டாருக்கு 6 மில்லி நொடி மின்சாரம் கொடுக்கிறது. 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்ததைக் கட்டளை நிலையம் கவனித்துவிடும். அந்தச் சின்னத் துடிப்புதான் எஞ்சினின் "உள்ளேன் ஐயா"! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. துடிப்பே வரவில்லையென்றால் முதலில் சக்கரத்தைத் துடையுங்கள். அழுக்கு இருந்தால் கேள்வியே உள்ளே போகாது.

இப்போது சிவி 1இல் 46 என்று எழுதுகிறேன். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிற எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அது. ஒரு துடிப்பு. பதிந்துவிட்டது. அப்புறம் பெரிய தண்டவாளத்துக்கு மாற்றி, 46ஐக் கூப்பிடுகிறேன்.

[பச்சை மட்டும் மெல்ல நகர்கிறது]

உங்கள் முதல் எஞ்சினுக்கு என்ன எண்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.