நாலு வரிக் கொலைகள்

(இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

செய்தி டெஸ்க்கில் ஒரு கொலைத் தகவல் வந்து விழுந்தால், "இதுல என்ன விசேஷம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். செத்தவர் பிரபலமா, பட்டப்பகலில் நடந்ததா, கள்ளக்காதலா? எதுவும் இல்லையா, சரி, உள்பக்கத்தில் நாலு வரி. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் அந்த நாலு வரியும் காலி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாளில் இடம் அவ்வளவுதான். ஆனால் திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கேயும் ஏன் அதே வழக்கம் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியைச் செயலில் கேட்டவர் ஜில் லியோவி. அப்போது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையின் கிரைம் நிருபர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடக்கும் கொலைகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் அச்சில் வருகிறது என்பதைப் பார்த்தார். 2007 ஜனவரியில், பிரேதப் பரிசோதனை அலுவலகத்தின் பட்டியலை வாங்கிவைத்துக்கொண்டு ஒருவர் விடாமல் இணையத்தில் பதிய ஆரம்பித்தார். பெயர், வயது, தெரு, கொல்லப்பட்ட விதம், கூடவே இனம். இனத்தை எழுதியதுதான் பெரிய சர்ச்சையானது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைத் தவிர்ப்பதை நாகரிகம் என்று நினைத்திருந்தன. லியோவி விடவில்லை. எழுதாவிட்டால், சாகிறவர்களில் பெரும்பகுதி கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) இளைஞர்கள் என்பது வாசகருக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் அந்தப் பட்டியல் வரைபடமானது. உங்கள் தெருவைத் தேடலாம், வயது வாரியாக, வருட வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். நாலு வரிகூடக் கிடைக்காத ஒரு பையனின் இணையப் பக்கத்தில் அவன் வீட்டார் வந்து பிறந்தநாள் வாழ்த்து எழுதிவிட்டுப் போனார்கள்.

அடுத்தது வாஷிங்டன். 2010இல் லாரா அமிக்கோ, கிறிஸ் அமிக்கோ என்ற தம்பதி 'ஹோமிசைடு வாட்ச்' தளத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சாவையும் குறி, ஒவ்வொருவரையும் நினைவில் வை, ஒவ்வொரு வழக்கையும் பின்தொடர். இதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட விதி. மூன்றாவதுதான் கஷ்டம். கொலை நடந்த அன்று எல்லா நிருபரும் வருவார்கள். பதினோராவது வாய்தாவுக்கு யார் போவார்? லாரா போனார். கைது, குற்றச்சாட்டு, விசாரணை, தண்டனை எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்துகொண்டே வந்தன.

அவர் செய்த ஒரு வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொலை நடந்தவுடன் போலீஸ் பெயரைச் சொல்லாது. இன்ன தெருவில் ஓர் ஆண், அவ்வளவுதான். ஆனால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். அவர்கள் அந்தப் பெயரையும் 'கொலை' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுபொறியில் தட்டுவார்கள். சிலர் இந்தத் தளத்துக்கு வந்து சேர்வார்கள். என்ன தேடி வந்தார்கள் என்பது தளத்தின் கணக்கில் பதிவாகும். லாரா தினமும் அதைப் பார்ப்பார். இதுவரை கேள்விப்படாத ஒரு பெயரைப் பலர் தேடினால், விசாரிக்கத் தொடங்குவார். சமூக ஊடகத்தில் இரங்கல் இருக்கிறதா, தெரு பொருந்துகிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் எழுதுவார். போலீஸ் அறிவிப்பதற்கு முன்பே பெயரைக் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் உண்டு. வாசகரோடு சேர்ந்து செய்தி செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் படம் சுழல்வதையெல்லாம் 'இன்டராக்டிவ்' என்று விற்கிறார்கள், அதை விடுங்கள்.

2012இல் பொதுமக்களிடம் 40,000 டாலர் கேட்டார்கள், கிடைத்தது. இருந்தும் 2014 முடிவில் தளம் நின்றுபோனது. கடைசி வாய்தா வரை போகும் வேலைக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

அப்புறம் ஃபெர்குசன், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஊர். 2014 ஆகஸ்டில் அங்கே மைக்கேல் பிரவுன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு, வருடத்துக்கு எத்தனை பேரைப் போலீஸ் கொல்கிறது என்று தேடினால் ஒழுங்கான அரசுக் கணக்கே இல்லை. காவல் துறைகள் விருப்பப்பட்டால் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பும், பல அனுப்பவே இல்லை. வாஷிங்டன் போஸ்ட் 2015 ஜனவரி முதல் துப்பாக்கிச் சூடுகளை எண்ணியது. கார்டியன் அடி, மின்னதிர்ச்சி, வாகன மோதல், காவல் சாவு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. கார்டியனுக்கு வாசகர்கள் தகவலும் படமும் அனுப்பினார்கள். அந்த ஒரு வருடத்தில் அதன் கணக்கு 1,100ஐத் தாண்டியது. இரண்டு பத்திரிகைகளிடம் தங்களைவிட நல்ல கணக்கு இருப்பது வெட்கக்கேடு என்று அப்போதைய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியே சொல்ல வேண்டி வந்தது.

சரி, வரைபடம் போட்டால் எல்லாம் உண்மையாகிவிடுமா? 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் இணைய வரைபடத்தின்படி, நகரிலேயே குற்றம் அதிகம் நடக்கும் இடம் நகர மண்டபத்துக்குப் பக்கத்து முனை. போலீஸ் தலைமையகம் அருகில், டைம்ஸ் அலுவலகம் எதிரில்! நிருபர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. முகவரி புரியாத குற்றங்களையெல்லாம் மென்பொருள் அந்த ஒரே புள்ளியில் கொட்டியிருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு குற்றம். அந்தப் புள்ளி எப்படி அங்கே வந்தது என்று யார் கேட்பார்?

இதைவிட மோசம் கைதானவர்களின் முகப் படங்கள். ஃபுளோரிடாவின் டாம்பா பே டைம்ஸ் பத்திரிகை (அப்போது அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ்) 2009இல் அதற்கென்றே ஒரு தளம் தொடங்கியது. வாசகர்கள் குவிந்தார்கள். பலர் வழக்கிலிருந்து விடுபட்டிருப்பார்கள். படம் மட்டும் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் முன்னால் போய் நிற்கும். 2020இல் அந்தப் பத்திரிகை அதை மூடியது. 2021இல் பாஸ்டன் குளோப், தங்களைப் பற்றிய பழைய செய்திகளை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மக்கள் விண்ணப்பிக்கலாம் என்றது. கைதைப் போட்டவன் விடுதலையையும் போட வேண்டாமா? லாராவின் தளத்துக்கும் இந்தப் படக் கண்காட்சிக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதான்.

நம் ஊருக்கு வருகிறேன். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வழக்கு எண் தெரிந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அடுத்த வாய்தா தேதியைப் பார்க்கலாம். மூலப்பொருள் ஓரளவு கையில் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு தந்தையும் மகனும் இறந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதே வருடம் தமிழ்நாட்டில் காவலில் இறந்த மற்றவர்களில் ஒருவர் பெயரையாவது இங்கே யாராவது சொல்ல முடியுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் காவல் சாவுக் கணக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்தின் கணக்கும் ஒத்துப்போவதே இல்லை.

மாநிலம் முழுக்க வேண்டாம், ஒரு மாவட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். காவலில் இறந்தவர் பெயர், இடம், நீதித்துறை நடுவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு. இவ்வளவு போதும். முதல் வருடம் முழுக்க வாய்தா தேதியைத்தான் மாற்றிக்கொண்டிருப்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் பற்றிப் பயப்பட வேண்டாம், ஒரு எக்செல் தாளில் ஆரம்பிக்கலாம். அதில் எந்தெந்த நெடுவரிசைகள் வைக்கலாம் என்று ஒரு மாதிரி கொண்டுவந்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் பார்க்கலாம்.