பெயிண்டுக்கு முந்தைய வேலை

நேயர்களுக்கு வணக்கம். பழைய காரைப் புதுப்பிக்க நினைப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் எந்தக் கலர் அடிப்பது என்பதில்தான் தொடங்கும். எனக்கோ முதலில் கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

கதவுக்குள் மழைநீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற அடியில் சின்னத் துளைகள் இருக்கும். மண்ணும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கடுகளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே துரு வெகுதூரம் போயிருக்கும். மேலே தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியைப் பூசுவது துருவுக்குத் திரை போடுவதுதான். நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பழைய பட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் சந்தேகப்படுங்கள்.

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை வெட்டுவதற்கு முன் காரின் கூட்டுக்கு உள்ளே முட்டுக் கொடுங்கள். கூரையில்லாத கார் என்றால் இது கட்டாயம். இல்லாவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து, அப்புறம் கதவு சாத்தாது. வெல்டிங்கையும் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி, நடுவே ஆறவிட்டு வைத்தால்தான் சூட்டில் தகடு நெளியாது. பானட், கூரை போன்ற அகலமான தகடுகளில், துருவை நீக்க மணலை வேகமாகப் பீய்ச்சும் மணல் வீச்சும் இதே கெடுதலைச் செய்யும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் முகமூடி இல்லாமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள். தேய்ப்பதற்கு முன்பே மெழுகையும் எண்ணெயையும் துடைத்தெடுங்கள். பாலிஷில் உள்ள சிலிகான் தகட்டில் தங்கிவிட்டால், புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் பிடிக்காமல் குழி குழியாக விலகும். வெறும் தகட்டைக் காத்திருக்க வைக்காமல் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். பட்டியை அதன்மேல் போடுவதே என் விருப்பம், அதுவும் மூன்று மில்லிமீட்டருக்குள். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். பட்டியின்மேலும் பிரைமர்மேலும் கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவி, நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். கறுப்பு முதலில் அழியும் இடம் மேடு, கடைசிவரை நிற்கும் இடம் பள்ளம். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த கதவில் இந்தக் கறுப்பு எத்தனை தீவுகளாக மிச்சம் நிற்கும் தெரியுமா! விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும், கட்டையை விடாதீர்கள். பட்டியில் கரடுமுரடான 80 நம்பர் தாளால் வடிவம் கொண்டுவந்து, பிறகு நைசான 180, 320 என்று போங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அந்தக் கீறல் பளபளப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பல பிரைமர்களில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையை அதற்கான வசதி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.