அப்பா கோபாலனுக்காக, மகன் சர்க்காருக்காக

வணக்கம் மக்களே! கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். சர்க்கார் வக்கீல் என்றால் சர்க்கார் சொல்வதைத்தானே ஒப்பிக்க வேண்டும், அவருக்கென்று சொந்தமாக ஒரு கருத்து இருக்க முடியுமா என்று சட்டம் படிக்கிற நம்ம சித்தூர் தாலூகா பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியும். அதற்கு, மத்திய அரசின் தலைமை வக்கீலாக, அதாவது அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே.வேணுகோபாலைப் பாருங்கள்.

1931இல் காஞ்ஞங்காட்டில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அப்பா எம்.கே.நம்பியாரும் பெரிய வக்கீல். 1950இல் விசாரணையே இல்லாமல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனை சிறையில் வைத்திருந்தார்களே, அந்த வழக்கில் கோபாலனுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றவர் அவர்தான். எதிர்ப்பக்கம் மத்திய அரசுக்காக வாதாடியது முதல் அட்டர்னி ஜெனரல் செதல்வாட். அடிப்படை உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்ற நம்பியாரின் முக்கியமான வாதத்தை ஆறு நீதிபதிகளில் பஸல் அலி ஒருவர்தான் ஏற்றார், கோபாலன் வெளியே வரவில்லை.

இனிமேல்தான் விஷயமே. 2017 ஜூலையில் செதல்வாட் இருந்த அதே பதவிக்கு நம்பியாரின் மகன் வருகிறார், வயது 85. வந்த கையோடு ஒன்பது நீதிபதிகள் முன்னால் அந்தரங்க உரிமை வழக்கு. ஏழைகளுக்கு ரேஷனும் உதவித்தொகையும் போய்ச் சேர ஆதார் வேண்டும், பசித்தவனின் உயிர் வாழும் உரிமைக்கு முன்னால் அந்தரங்கம் பெரிதல்ல என்று சர்க்காருக்காக முழு மூச்சாக வாதாடினார். ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள், அப்பாவைத் தோற்கடித்த கோபாலன் தீர்ப்பின் வழி தவறு என்றும் அன்றைக்கு பஸல் அலி சொன்னதே சரி என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். மகன் தோற்ற வழக்கில் அப்பாவின் வாதம் ஜெயித்தது, எனக்குப் படிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, சொந்தக் கருத்து எங்கே வந்தது? 2020இல் வக்கீல் பிரசாந்த் பூஷண் நீதிபதிகளை விமர்சித்து இரண்டு ட்வீட் போட்டார், கோர்ட் அவமதிப்பு என்று தீர்ப்பாகிவிட்டது. சர்க்காரை எத்தனையோ வழக்குகளில் கோர்ட்டுக்கு இழுத்தவர் அவர். தண்டனை பற்றி விசாரித்த அன்று வேணுகோபால், அவருக்கு தண்டனை கொடுக்காதீர்கள் என்று கேட்டார். அட்டர்னி ஜெனரலுக்கு நிலையான பதவிக்காலம் கிடையாது, குடியரசுத் தலைவர் விரும்பும் வரைதான், அதாவது நடைமுறையில் சர்க்கார் விரும்பும் வரை. அப்படி ஒரு நாற்காலியில் இருந்துகொண்டுதான் அதைக் கேட்டார். கடைசியில் பூஷணுக்கு விதித்தது ஒரு ரூபாய் அபராதம். வேணுகோபால் 2022 செப்டம்பர் வரை பதவியில் இருந்தார்.