மணியோசை முடியும் வரை

(பாடசாலைப் பெற்றோர் தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வந்து மங்கல விளக்கேற்றிய கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிள்ளைகளின் பெயரோடு அவர்கள் வீட்டு நிலைமையையும் அறிந்த அதிபர் அவர்களே, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாளிலும் வயலை விட்டு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

“பதறாத காரியம் சிதறாது” என்பார் என் அம்மம்மா. பிள்ளைகளின் மனதை இருக்கும் இடத்தில் இருத்தும் பயிற்சிகளில் மூச்சு, செவி, உணவு, நடை என்னும் நான்கைச் சொல்ல வந்தேன்.

மூச்சுக்கு ஒரு பாயும் ஒரு சிரட்டையும் போதும். பிள்ளையைப் படுக்கவைத்து, வயிற்றில் சிரட்டையைக் கவிழ்த்து, அது ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். மூடினால் பயப்படும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

செவிக்கு வருகிறேன். நான் படிப்பித்த பாடசாலையில் புளியமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டே மணி. ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி, அதை ஒரேயொரு முறை தட்டி, ஓசை முற்றாக அடங்கியதும் கையை உயர்த்துங்கள் என்றேன். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஒருவன் மட்டும் தலையைச் சற்றுச் சரித்தபடி அசையாமல் இருந்தான். மற்றப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினர், நான் பொறுத்திருந்தேன். நெடுநேரம் கழித்துக் கையை உயர்த்தியவனிடம் காரணம் கேட்டேன்.

“மணி அப்பவே முடிஞ்சுது சேர். பிறகு எங்கட அப்பான்ர மிசின் சத்தம் கேட்டுது. இப்பதான் ரண்டாம் வாய்க்கால் தாண்டிப் போட்டுது.”

அத்தனை உழவு இயந்திரங்கள் ஓடும் ஊரில் தகப்பனுடையதைப் பிரித்தறிந்த செவி அது. அப்பாவோடு போவதில்லையா என்று கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமைதான் அவர் வீட்டில நிற்பார். அண்டைக்கு எனக்கு ரியூசன்” என்றான்.

உணவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜோன் கபாட் சின் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியில், ஒரேயொரு முந்திரிகை வற்றலைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணச் சொல்வார்கள். நமக்குப் பாலைப்பழம் இருக்கிறது. உதட்டில் பால் பிசுபிசுக்கும்போது எந்தப் பிள்ளையின் மனமும் வேறெங்கும் போகாது.

ஆனால், பெரியோர்களே, இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே? புலமைப்பரிசில் பரீட்சை என்று சொல்லி, பத்து வயது நிறையாத பிள்ளையை ஞாயிறு விடியற்காலையிலேயே புத்தகப் பையோடு துரத்துகிறோம். பதறாத காரியம் சிதறாது என்று பிள்ளைக்குப் போதித்துவிட்டு, பதறுகிறவர்கள் நாமே. பணிப்பாளர் அவர்களிடமும், இங்கே அமர்ந்திருக்கும் ரியூசன் ஆசிரியர்களிடமும் கைகூப்பிக் கேட்கிறேன்: ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையை விட்டுக்கொடுங்கள்.

நடையைப் பற்றி மேடையில் சொல்வதைவிட நடந்து காட்டலாம். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் குளக்கட்டில் நிற்பேன். பிள்ளைகளோடு வாருங்கள், செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.