ஒட்டவும் வேண்டும், ஒட்டவும் கூடாது

எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் படுத்திருந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். புறங்கையில் மருந்து ஏற்ற வென்ஃபிளான் என்ற ஊசிக்குழாயைக் குத்தியிருப்பார்கள். மறுநாள் காலை மருந்து இறங்காது. நர்ஸம்மா சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து மெதுவாக அழுத்திப் பார்ப்பார். வழிவிடவில்லை என்றால் பிடுங்கிவிட்டு அடுத்த கை. உள்ளே அடைத்துக்கொண்டது பெரும்பாலும் உங்கள் ரத்தமேதான்.

சரி, ஊசியைப் பிடுங்கலாம். இதயத்தில் பொருத்திய செயற்கை வால்வை என்ன செய்வது?

ரத்தத்தின் மேல் குற்றமில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிருள்ள செல்கள், உறையாதே உறையாதே என்று ஓயாமல் ரத்தத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதற்காகவே நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றைச் சுரக்கின்றன. பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் அந்தப் பேச்சு வராது. சில நொடிகளில் புரதங்கள் வந்து அப்பிக்கொள்ளும், அவற்றின் மேல் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், அப்புறம் ரத்தக்கட்டி.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் காட் என்ற இதய அறுவை மருத்துவருக்கு ஒரு யோசனை. மின்னூட்டம் கொடுத்தால் ரத்தம் ஒட்டாதோ? பிளாஸ்டிக் வளையங்களில் மின்சாரம் பாய கிராஃபைட் பூசினார். நாயின் பெரிய ரத்தக்குழாய்க்குள் வைப்பதற்கு முன், பென்சால்கோனியம் என்ற கிருமிநாசினியில் முக்கி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தில் அலசினார். வளையங்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் காரணம் மின்சாரம் இல்லை! கிராஃபைட்டைக் கிருமிநாசினி பிடித்துக்கொண்டது, கிருமிநாசினியை ஹெப்பாரின் பிடித்துக்கொண்டது. நினைத்த காரணம் பொய், கிடைத்த பலன் மெய். 1963-இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது.

 ஹெப்பாரினை இன்றைக்கும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதைப் பரப்பில் ஒட்டவைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று தோன்றும். இல்லை. கிராஃபைட் பூச்சு வளையும் குழாய்களுக்கு ஒத்துவராது. அதோடு, வெறும் மின்கவர்ச்சியால் ஒட்டிய ஹெப்பாரினை ஓடும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் வேதிப்பிணைப்பால் இறுக்கிக் கட்டிவிட வேண்டியதுதானே? கட்டினால் வேலை செய்யாது. ஹெப்பாரின் தனியாக எதையும் சாதிப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும், உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் அதன் மேல் வந்து உட்கார வேண்டும். மாட்டை நாலு காலையும் சேர்த்துக் கட்டினால் ஓடாது, மேயவும் மேயாது. ஒரு முளை, ஒரு நீளக் கயிறு, அவ்வளவுதான் வேண்டும். ஸ்வீடனில் ஓலே லார்மும் கூட்டாளிகளும் 1983-இல் காட்டியது இதைத்தான். ஹெப்பாரின் சங்கிலியை நைட்ரஸ் அமிலத்தால் துண்டித்தார்கள். துண்டின் ஒரு நுனியில் மட்டும் வினைபுரியும் அமைப்பு உண்டானது. அந்த நுனியைப் பரப்பில் பிணைத்தார்கள். மீதிச் சங்கிலி ஆற்றுப் பாசி மாதிரி ரத்தத்தில் அலைந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் அழகான காரியம் இதுதான்.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. அணு உலை எரிபொருள் துகள்களுக்கு உறை போட உருவாக்கிய பைரோலிடிக் கார்பன், அதே வின்சென்ட் காட் செய்த ஆய்வுகள் வழியாக இதய வால்வுக்கு வந்து சேர்ந்தது. தேயாது, உரியாது. ஆனாலும் ரத்தம் அதை முழுதாக நம்புவதில்லை.

2014-இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தார், பூச்சிகளை வழுக்கி விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து, திடப்பரப்பின் மேல் வழவழப்பான ஒரு திரவப் படலத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். சுவரில் ஏறும் பல்லிக்கே அங்கே பிடி கிடைக்கவில்லை! பன்றிகளில் ஹெப்பாரின் ஊசி போடாமலே 8 மணி நேரம் அந்தப் படலம் பூசிய குழாய்கள் அடைபடவில்லை. அருமைதான். ஆனால் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. வால்வு அத்தனை முறையும் திறந்து மூட வேண்டும், பல வருஷம்.

என் பெரியம்மாவுக்குக் கார்பன் வால்வுதான். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ராத்திரி ஒரு வார்ஃபரின் மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கீரையில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இருப்பதால் அளவு திடீரென்று கூடக் கூடாது, குறையவும் கூடாது. அவர் முருங்கைக்கீரையைக் கரண்டியால் அளந்துதான் தட்டில் போட்டுக்கொள்கிறார்.