எந்தக் கோயில் புள்ளி?

(காரைக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, கடைசி வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

நம்ம நாட்டுக்கோட்டை நகரத்தார் பக்கம் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊர், எந்தக் கோயில்?" என்று கேட்போம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நம்ம ஒன்பது கோயிலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், உறவு பிடிபட்டுவிடும். கோயில் கணக்கில் கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு. வரி கொடுத்தவனுக்கு ஊர்த் துணை உண்டு. கடைக் கணக்கிலும் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று தினமும் மனசைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மனசு இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும், பேரேடு அப்படியில்லை. மொய் நோட்டில் ஐம்பது ரூபாயைக்கூட விடாமல் எழுதுவதைக் கேலி பண்ணுகிறவர்கள் உண்டு. பண்ணட்டும். வாங்கிய கையை மறக்காமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவன் எந்தக் கோயில் புள்ளி?

சில வருஷத்துக்கு முன்னால், நல்ல சித்திரை வெயில். தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு பையன் பைக்கோடு சறுக்கி விழுந்துவிட்டான். தொடையில் ரத்தம் நிற்காமல் வருகிறது. பதினைந்து பேர் கூடிவிட்டோம். என் கையில் போன் இருக்கிறது, நிற்கிறேன். யாராவது 108-க்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பு. பதினைந்து பேருக்கும் அதே நினைப்பு! அமெரிக்காவில் லட்டானே, டார்லி என்று இரண்டு உளவியல்காரர்கள் 1968-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் உதவிக்கு எழுந்து போகிறவர்கள் குறைகிறார்கள், போகிறவர்களும் தாமதமாகத்தான் போகிறார்கள். பொதுச்சொத்தை யாரும் வெள்ளையடிக்காத கதைதான்.

ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கண்ணாடி போட்ட அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க. பச்சைச் சட்டை, நீ வர்ற வண்டியெல்லாம் நிறுத்து." சோடா வாங்க ஓடினவரை, "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க" என்று நிறுத்தினார். என் தோளில் கிடந்த துண்டை உருவி, மடித்து, காயத்தின்மேல் வைத்து அழுத்தினார். வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை. எல்லாரையும் பார்த்து "உதவுங்க" என்றிருந்தால் ஒருவரும் அசைந்திருக்க மாட்டோம். அடையாளம் சொல்லி ஆளுக்கொரு வேலை வைத்தார். எங்கள் கால் தானாக நகர்ந்தது.

போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே என்ற பயமும் எனக்குள் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயத்துக்குக் காலம் போய்விட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134அ என்று பிரிவு சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவினவர்மேல் வழக்கு வராது, பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. உயிரைக் காப்பாற்றுவதுதான் டாக்டருக்கு முதல் வேலை, போலீஸ் சடங்கெல்லாம் பிறகு என்று 1989-லேயே தீர்ப்பு இருக்கிறது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. விழுந்தவன் எந்த மாநிலத்துக்காரனாக இருந்தாலும் சரி.

ஆம்புலன்ஸ் போனதும் அந்த அம்மா கையைக் கழுவிவிட்டுத் துண்டை நீட்டினார். "உப்புத் தண்ணியில ஊறப் போடுங்கண்ணே, கறை போயிரும்." எனக்குப் பழக்கதோஷம் விடவில்லை. "பையன் எந்த ஊராம்?" என்று கேட்டேன்.

"நான் கேக்கலையேண்ணே" என்றார், அடுத்த நுங்கைச் சீவிக்கொண்டே.