வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தடை வீடா, வேலையிடமா? ‘வேலையிடமே!’

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணியில் பேசிய அம்மா, "சமையல், பிள்ளை, மாமியார் இந்த மூன்றும்தான் பெண்ணை வேலையை விட வைக்கின்றன" என்றார். வீட்டுச் சுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனையையும் முடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்துவிட்டாளே! வந்தவளை வேலையிடம் எப்படி நடத்துகிறது?

ஒரு ஜவுளிக்கடைக்குள் வாருங்கள். கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் பெண் கடை திறந்ததிலிருந்து நிற்கிறாள். கேட்பவர்களுக்கெல்லாம் கட்டுக் கட்டாகப் புடவையை விரித்துப் போடுகிறாள். அவர்கள் போனதும் ஒவ்வொன்றாக மடித்து அடுக்குகிறாள். மதியம் கூட்டமில்லாத நேரத்திலாவது உட்காரலாமா? சூப்பர்வைசர் பார்த்துவிட்டால் வசவு விழும். அலமாரியில் முதுகைச் சாய்த்து, கால் மாற்றிக் கால் ஊன்றி நிற்கிறாள். குதிகால் வலி, காலில் நரம்புச் சுருட்டல். கழிவறைக்கு அடிக்கடி போனால் கேள்வி வருமென்று தண்ணீரே குடிப்பதில்லை. இது எந்த மாமியார் போட்ட சட்டம்?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இப்படி நின்ற பெண்களைத் திரட்டினார் தையல் தொழிலாளி பி. விஜி. 'பெண்கூட்டு' என்ற அமைப்பாக முதலில் கழிவறை கேட்டார்கள், அப்புறம் உட்கார இடம் கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்றது. எந்த ஏழை வீட்டிலும் வந்தவரை முதலில் "உட்காருங்க" என்றுதான் சொல்வோம். அந்த ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது, ஐயா!

சரி, பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம். காப்பகத்தைத் திறக்காத நிர்வாகத்தால் ஒருத்தி வேலையை விட்டால், அதைப் பிள்ளையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று, வெளியே சொல்ல முடியாதது. பாலியல் தொல்லைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதலைத் தந்தது 1997இல். அது சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 10 பேர் வேலை செய்யும் இடத்தில்கூட விசாரணைக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் குழு நோட்டீஸ் போர்டில் மட்டும் இருந்தால், மேலதிகாரி மீது யாரிடம் புகார் சொல்வாள்? வீட்டில் சொன்னால் "இனி போகவே வேண்டாம்" என்பார்கள், ஊரில் சொன்னால் இவளைத்தான் பேசுவார்கள். அதனால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறாள்.

அவள் என்ன எழுதுகிறாள் தெரியுமா? 'குடும்பச் சூழ்நிலை காரணமாக.' எதிரணியினர் சாட்சியாகக் காட்டுவது அந்தக் கடிதங்களைத்தான். நடுவர் அவர்களே, அவற்றை அப்படியே ஏற்காதீர்கள். அவள் எழுதாமல் விட்டதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.